தெள்ளுப்பூச்சி: முதலில் சாக்கைப் புரட்டுங்கள்

கேள்வி: ஐயா, காவலுக்கு ஒரு நாய் வளர்க்கிறோம். இரண்டு மாதமாகத் தெள்ளுப்பூச்சித் தொல்லை. மருந்துச் சோப்புப் போட்டு மூன்று முறை குளிப்பாட்டினோம். பிறகு பூச்சிமருந்துக் கடைக்காரர் சொன்னபடி, வயலுக்கு வாங்கியதில் மீந்த மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயின் மேல் தெளித்தோம். இரண்டு நாள் குறைந்தது. அடுத்து, நாயைக் கொட்டகையில் விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு பன்னிரண்டு நாள் வெளியூர் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்து காலை வைத்ததும் முழங்கால் வரை கறுப்பாக ஏறின. மகளின் கணுக்கால் முழுக்கத் தடிப்பு. ஆளில்லாத வீட்டில் இவ்வளவு எப்படிப் பெருகின? இதைவிட வீரியமான மருந்து எது? கொட்டகையில் இரண்டு ஆட்டுக்குட்டிகளும் சோர்ந்து கிடக்கின்றன.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். கொட்டகைக்குப் போய் இரண்டு குட்டிகளின் கீழ் இமையையும் புரட்டிப் பாருங்கள். உள்பக்கம் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். நாயின் மேல் நாம் பார்ப்பது பெரும்பாலும் பூனைத்தெள்ளு என்னும் இனம். பெயரில்தான் பூனை. நாய், ஆடு, கன்று என்று எதன் இரத்தத்தையும் குடிக்கும். நாய் படுக்கிற கொட்டகையிலேயே குட்டிகளும் படுத்தால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது. குடற்புழுவாலும் இமை வெளுக்கும். அதனால் புழுக்கையையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு இன்றே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

அடுத்து, அந்த வயல் மருந்து. எந்த மருந்து என்று நீங்கள் எழுதவில்லை. எதுவானாலும் நாயின் மேல் தெளித்தது தவறு. சொல்லிக்கொடுத்த கடைக்காரரின் தவறு அதைவிடப் பெரிது. பயிருக்கான மருந்து இலையில் படியவும் இலைக்குள் ஊடுருவவும் செய்யப்பட்டது. நாய் அதைத் தோல் வழியே உறிஞ்சும், உடம்பை நக்கி விழுங்கவும் செய்யும். நரம்பைத் தாக்கும் ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையாக இருந்தால் எச்சில் ஒழுகும், கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், மூச்சுத் திணறும். அப்படி ஒன்று தெரிந்தால் கையுறை போட்டு நாயைச் சோப்பு நீரில் கழுவி, மருந்துப் புட்டியை லேபிளோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுங்கள். ஒரு நாயின் எடையைக்கூடக் கேட்காமல் "சில சொட்டு கலந்து அடியுங்கள்" என்று சொல்பவரிடம் இனி கால்நடைக்கென்று எதையும் கேட்காதீர்கள். அவர் அறிந்தது பயிர். உயிரோடு நடமாடும் உடம்பைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. மண்ணெண்ணெய் தடவுவதும் பூண்டு தின்னக் கொடுப்பதும் இதே வகைதான். முன்னது தோலைப் புண்ணாக்கும், பின்னது நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

இனி நீங்கள் கேட்ட கேள்வி. அந்தப் பன்னிரண்டு நாளில் வீட்டுக்குள் எதுவும் பெருகவில்லை. எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தவை. பெண் தெள்ளு நாயின் மேல் ஏறி இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும். உச்சத்தில் நாளொன்றுக்கு 40 முதல் 50 முட்டை. அவை வழுவழுப்பானவை, ரோமத்தில் ஒட்டி நிற்காது. நாய் நடக்கும் இடமெல்லாம், உதறும் இடமெல்லாம், எல்லாவற்றையும்விட அது படுக்கும் இடத்தில் உதிரும். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி விரிசலுக்குள்ளும் துணி மடிப்புக்குள்ளும் இறங்கி, பெரிய தெள்ளு கழித்த உலர்ந்த இரத்தத்தைத் தின்று வளரும். பிறகு பசையுள்ள நூலால் கூடு கட்டிக்கொள்ளும். தரையின் தூசியும் மணலும் அந்தக் கூட்டின் மேல் அப்பிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது. மருந்தும் உள்ளே போகாது. கூட்டுக்குள் முழு வளர்ச்சி அடைந்த தெள்ளு, அதிர்வும் உடல் சூடும் மூச்சுக்காற்றும் படும்வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். நீங்கள் கதவைத் திறந்து நடந்தீர்கள், அத்தனையும் ஒன்றாக வெளியே குதித்தன. நடந்தது இவ்வளவுதான்.

ஆகவே நாயின் மேல் நீங்கள் பார்ப்பது நூற்றில் ஐந்துதான் இருக்கும். மீதி முட்டையாக, புழுவாக, கூடாகத் தரையிலும் படுக்கையிலும் கிடக்கின்றன. "வீரியமான மருந்து எது" என்று கேட்டீர்கள். "என் நாய் எதன் மேல் படுக்கிறது" என்று கேட்டிருக்க வேண்டும்.

இத்தனை வருடத்தில் தெள்ளுத் தொல்லை என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் நான் முதலில் கேட்பது நாயின் சாக்கைத்தான். பல வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து அசைக்கப்படாத பழைய கோணியாக இருக்கும். ஒரு வீட்டில் அப்படியொன்றைத் தூக்கி வெள்ளைத் துணியின் மேல் உதறினேன். மிளகுப்பொடி போலக் கறுப்புத் தூள், அதனூடே உப்புத்தூள் போல வெள்ளை முட்டைகள். தண்ணீர் தெளித்ததும் கறுப்புத் தூள் செம்பழுப்பாகக் கரைந்து பரவியது. அத்தனையும் அந்த நாயின் இரத்தம். தையலைப் பிரித்தபோது வெளிறிய நூல்துண்டு போன்ற புழுக்கள் துள்ளித் துள்ளி நிழல் பக்கம் ஓடின. அந்த வீட்டில் மாதாமாதம் நாய்க்கு மருந்து வாங்கினார்கள். சாக்கை மட்டும் யாரும் தொடவில்லை.

பழைய சாக்கை எரித்துவிடுங்கள். அதற்குப் பதில், தையலும் மடிப்பும் குறைவாக உள்ள பருத்தித் துணிகள் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று விரிப்பில், ஒன்று வெயிலில். வாரம் ஒருமுறை கொதிக்கிற நீரில் ஊறவைத்துத் துவைத்து உச்சிவெயிலில் உலர்த்துங்கள். வெயிலையும் வறட்சியையும் தெள்ளுப்புழு தாங்காது, நிழலும் ஈரப்பதமும் உள்ள இடத்தில்தான் பிழைக்கும். கொட்டகையில் நாய் படுக்கும் மூலையில் கூரையை விலக்கிக் கொஞ்சம் வெயில் விழச் செய்ய முடியுமா என்று பாருங்கள்.

வீட்டுக்குள் தினமும் பெருக்குங்கள். நடு அறையைவிடக் கட்டிலடி, சுவரோரம், வாசற்படி இடுக்கு, தரை விரிசல் ஆகியவைதான் முக்கியம். பெருக்கும் அதிர்விலேயே கூடுகள் திறக்கும், அது நமக்கு நல்லது. குப்பையை மூலையில் குவித்து வைக்காமல் உடனே சோப்பு நீரில் கொட்டுங்கள். இதைச் செய்தால் மருந்துச் செலவில் பாதி மிச்சம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். விரிசல்களுக்கு மருந்து தேவைப்பட்டால், மெத்தோப்ரீன் அல்லது பைரிபிராக்ஸிஃபென் கலந்த, வீட்டு உபயோகத்துக்கென்றே உள்ள மருந்தைக் கேளுங்கள். இவை முட்டையையும் புழுவையும் தெள்ளாக வளரவிடாது. தெளித்த இடம் காயும்வரை குழந்தைகளையும் கால்நடைகளையும் அண்டவிடாதீர்கள்.

நாய்க்கு மருந்து, எடை பார்த்து மருத்துவர் தர வேண்டும். ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்றவை கழுத்தின் பின்புறம் ரோமத்தை விலக்கித் தோலில் சொட்டுபவை. இவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்டக் கூடாது. ஃப்ளூராலனர், அஃபாக்ஸோலனர் மாத்திரைகள். இந்த மாத்திரைகளைக் கொடுக்குமுன், நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். உங்கள் மருந்துச் சோப்பு அன்றைக்கு மேலே இருந்ததைக் கொன்றது, மறுநாள் ஏறுவதை அது தடுக்காது. மலத்திலோ வாலடியிலோ அரிசிமணி போலத் தென்பட்டால் தெள்ளு வழியாக வந்த நாடாப்புழு, அதற்குத் தனி மருந்து உண்டு. வீட்டில் பூனை இருந்தால், வந்துபோகும் பூனையானாலும், அதற்கும் மருத்துவரிடம் தனியாகக் கேளுங்கள். நாய்க்கான மருந்தைப் பூனைக்கு வைக்காதீர்கள். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

ஒன்று உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். மருந்து கொடுத்த நாயை வெளியே கட்டாதீர்கள், வழக்கம்போல வீட்டுக்குள் நடமாட விடுங்கள். கூட்டிலிருந்து வெளிவரும் தெள்ளு அதன் மேல் ஏறிச் செத்துப்போகும். அதை விலக்கி வைத்தால் உங்கள் மகளின் கால்தான் மிஞ்சும்.

அடுத்த சில வாரங்களுக்குப் புதிய தெள்ளுகள் தென்படத்தான் செய்யும். மருந்து பொய் என்று இன்னொரு கடைக்குப் போகாதீர்கள், பழைய கூடுகள்தான் காலியாகின்றன. வாரம் ஒருமுறை வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்து மாட்டிக்கொண்டு அறை அறையாகக் காலைத் தேய்த்து நடந்து, எத்தனை ஏறின என்று எண்ணிக் குறித்துவையுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வர வேண்டும். ஒன்றுகூட ஏறாத பிறகும் நாய்க்கான மருந்தை மூன்று மாதம் விடாமல் கொடுங்கள். குட்டிகளைப் பார்த்து மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள்.