சி.ஏ. தேர்வு விதிகள்: மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டவையும் என் பதில்களும்

சி.ஏ. என்னும் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் தேர்வுக்கு விண்ணப்பம் திறந்துவிட்டால் பாடத்தில் சந்தேகம் கேட்பவர்களைவிட விதிகளில் சந்தேகம் கேட்பவர்கள்தான் அதிகம். நல்லதுதான். படிக்காமல் தோற்றால் அடுத்த முறை படித்து எழுதிக்கொள்ளலாம். நன்றாகப் படித்த பிள்ளை ஒரு போனுக்காகவோ, ஒரு கோட்டுக்காகவோ அட்டெம்ப்டை இழந்தால் எனக்குத் தாங்காது. மதுரையில் ஆடிட்டராக இருக்கிறேன். என்னிடம் ஆர்டிகிள்ஷிப் என்னும் பயிற்சி செய்யும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே இதையெல்லாம் சொல்லிவிடுவேன். இங்கே கேட்டவர்களுக்கும் அதே பதில்கள். சி.ஏ.வில் ஃபவுண்டேஷன், இன்டர், ஃபைனல் என்று மூன்று நிலை.

கீழமாசி வீதி, இன்டர் மாணவி: அக்கா, எந்தத் தேர்வு எழுதினாலும் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். சி.ஏ.வில் போடக் கூடாது என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான் பாப்பா. இதை எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. விடைத்தாளில் உன்னை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பது தேர்வை நடத்தும் ஐசிஏஐ அமைப்பின் விதி. ரோல் நம்பரை அதற்கான கட்டத்தில் மட்டும்தான் எழுத வேண்டும். ஓம், சிலுவை, 786 என்று எந்த மதத்தின் குறியும், வேண்டுதலும் எழுதினால் முறைகேட்டுக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். நம் 'உ'வும், அதன் கீழே போடும் இரண்டு கோடும், 'மீனாட்சி துணை'யும் இதில் அடங்கும் என்று வைத்துக்கொள். திருத்துபவருக்கு வேண்டுகோள் எழுதுவதும் அப்படித்தான். "குடும்பக் கஷ்டம், பாஸ் போட்டுவிடுங்கள்" என்று எழுதினால் இரக்கம் கிடைக்காது, விளக்கம் கேட்டுக் கடிதம்தான் வரும். ரிசல்ட்டை நிறுத்தி வைப்பார்கள், அந்தத் தேர்வையே ரத்து செய்யவும் முடியும்.

காரணமும் நியாயமானதுதான். திருத்துபவருக்கு இது யார் தாள் என்று தெரியவே கூடாது. ஒரு குறி இருந்தால், முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டு போட்ட குறியா, பக்தியில் போட்டதா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு இடத்திலும் பிள்ளைகள் மாட்டுகிறார்கள். ஆடிட், சட்டத் தாள்களில் அறிக்கையோ கடிதமோ எழுதச் சொல்வார்கள். கடைசியில் கையெழுத்து வருகிற இடத்தில் கை தானாகச் சொந்தப் பெயரை எழுதிவிடும். அங்கே கேள்வியில் கொடுத்த பெயரைப் போடு. கேள்வியில் பெயர் இல்லையென்றால் 'எக்ஸ்ஒய்இசட்' என்று போட்டால் போதும்.

பழக்கம் ஒரே நாளில் போகாது. இன்றிலிருந்தே மாதிரித் தேர்வுகளைச் சுழி இல்லாமல் எழுதிப் பழகு. பிள்ளையாரை வீட்டிலேயே கும்பிட்டுவிட்டு வா.

திருமங்கலம், இன்டர் மாணவர்: மேடம், குரூப் ஒன்றில் 62, 44, 38 வாங்கியிருக்கிறேன். 62 வாங்கிய தாளை இனி எழுத வேண்டாமா? அடுத்த முறை எவ்வளவு வாங்கினால் பாஸ்?

முதலில் அடிப்படை. இன்டரில் ஆறு தாள், மூன்று மூன்றாக இரண்டு குரூப். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40, மூன்று தாளும் சேர்த்து 150. இரண்டும் இருந்தால்தான் குரூப் பாஸ். உங்களுக்கு 38 இடிக்கிறது, கூட்டினாலும் 144தான் வருகிறது. ஆனால் ஒரு தாளில் 60 அல்லது அதற்கு மேல் வாங்கியதால் அந்தத் தாளுக்கு அடுத்த மூன்று அட்டெம்ப்ட் வரை எக்ஸம்ப்ஷன் உண்டு, அதாவது அதைத் திரும்ப எழுத வேண்டாம். மற்ற தாள்களையும் எழுதியிருந்தால்தான் இது கிடைக்கும். நீங்கள் மூன்றும் எழுதியிருப்பதால் பிரச்சினை இல்லை.

பலருக்குத் தெரியாத விஷயம், அந்த 62 அடுத்த முறை கூட்டுத்தொகையிலும் சேரும். அதாவது மீதி இரண்டு தாளிலும் சேர்த்து 88 போதும், ஒவ்வொன்றிலும் 40க்குக் குறையாமல். 45, 43 வாங்கினாலும் பாஸ். அதற்காக 88ஐக் குறிவைத்துப் படிக்காதீர்கள். மூன்று தாளுக்குப் படித்த நேரம் இப்போது இரண்டு தாளுக்குக் கிடைக்கிறது. இரண்டிலும் 60 வாங்க முயலுங்கள்.

மூன்று அட்டெம்ப்டும் போய்விட்டால்? 2023இல் வந்த புதிய திட்டத்தில் அந்த எக்ஸம்ப்ஷனை நிரந்தரமாக வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் அதற்கு விலை உண்டு: மீதித் தாள் ஒவ்வொன்றிலும் 40 போதாது, 50 வேண்டும். 75, 80 என்று பெரிய மார்க் கையில் இருந்தால் இதைப் பற்றி யோசிக்கலாம். 60, 61 வைத்திருப்பவர்கள் மூன்று அட்டெம்ப்டுக்குள் முடித்துவிடுவதுதான் நல்லது.

அதே மாணவர்: அப்படியென்றால் அடுத்த முறை இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதலாமா?

படிப்பு கையில் இருந்தால் எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாக எழுதும்போது ஒரு குரூப்பில் 150 தாண்டிய மிச்சம் இன்னொரு குரூப்பின் குறையை ஈடுகட்டும். ஆறு தாளிலும் 40, மொத்தம் 300 இருந்தால் இரண்டு குரூப்பும் பாஸ். ஆனால் "சேர்த்துப் போட்டால் எப்படியும் ஒன்றாவது வரும்" என்று போடுகிறவர்கள் இரண்டையும் கோட்டைவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று வருடத்துக்கு மூன்று முறை தேர்வு வருகிறது. ஆறு மாதம் காத்திருந்த காலம் போய்விட்டது, அவசரம் வேண்டாம்.

செல்லூர், ஃபவுண்டேஷன் மாணவி: அக்கா, மே மாதத் தேர்வு சித்திரைத் திருவிழா நேரத்தில் வந்தால், அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கலெக்டர் உள்ளூர் விடுமுறை விடுவாரே, அன்றைக்குத் தேர்வு இருக்குமா?

இருக்கும். மத்திய அரசோ, மாநில அரசோ, உள்ளூர் நிர்வாகமோ விடுமுறை அறிவித்தாலும் தேர்வுத் தேதி மாறாது என்று அறிவிப்பிலேயே போட்டிருப்பார்கள். இது இந்தியா முழுக்க ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் நடக்கிற தேர்வு. மதுரைக்கு மட்டும் தள்ளிவைக்க முடியாது.

நாடு முழுக்கத் தள்ளிவைத்த சந்தர்ப்பம் உண்டு. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் இருந்தபோது 9ஆம் தேதியிலிருந்து 14ஆம் தேதி வரை இருந்த தாள்களை நிறுத்தி, 16இலிருந்து 24க்குள் நடத்தினார்கள். அப்படி எதுவும் நடந்தால் ஐசிஏஐ தன் இணையதளத்தில் அறிவிக்கும். வாட்ஸ்அப்பில் வருகிற சுற்றறிக்கைப் படத்தை நம்பி யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

உன் கவலை தேதி இல்லை, வழிதான். முந்தின நாள் அழகரை வரவேற்கும் எதிர்சேவையிலிருந்தே தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் நகர முடியாது, ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் வண்டி போகாது. உன் சென்டர் ஆற்றுக்குத் தென்கரையில் இருந்தால் முதல் நாள் ராத்திரியே அந்தக் கரையில் இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடு. தேர்வு தொடங்கி அரை மணி நேரம் கழிந்தால் உள்ளே விட மாட்டார்கள். கூட்டத்தில் மாட்டினேன் என்று சொன்னாலும் உன்னை உள்ளே அனுமதிக்க வாசலில் நிற்பவருக்கு அதிகாரம் கிடையாது.

உசிலம்பட்டி, பிளஸ் டூ மாணவர்: நான் தமிழ் மீடியம். சி.ஏ. தேர்வைத் தமிழில் எழுத முடியுமா?

முடியாது தம்பி. ஆங்கிலம் அல்லது இந்தி, இரண்டுதான். நம் பிள்ளைகளுக்கு இது கூடுதல் சுமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தமிழிலும் எழுத வழி வர வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

ஆனால் அதற்காக ஒதுங்கிவிடாதே. ஃபவுண்டேஷனில் நான்கு தாள். கணிதமும் பொருளியலும் கொள்குறி வகை, பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. தவறான விடைக்குக் கால் மார்க் போகும், அதனால் தெரியாததைக் குருட்டாம்போக்கில் நிரப்பாதே. கணக்கியலில் எண்தான் பேசும். உனக்கு உழைப்பு கேட்கப் போவது வணிகச் சட்டத் தாள் ஒன்றுதான். அதற்குத் தினமும் ஒரு பதிலை ஆங்கிலத்தில் எழுதி யாரிடமாவது காட்டு. நீளமான வாக்கியம் வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது, இந்த வழக்குக்கு எப்படிப் பொருந்தும், முடிவு என்ன, இந்த வரிசையில் சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. ஒவ்வொரு தாளிலும் 40, நான்கும் சேர்த்து 200. உன்னால் முடியும். தமிழ் மீடியத்தில் படித்து இன்று ஆடிட்டராக இருப்பவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

கே.புதூர், இன்டர் மாணவி: சயின்டிஃபிக் கால்குலேட்டர் கொண்டுபோகலாமா?

கூடாது. பேட்டரியில் ஓடும் சாதாரணக் கால்குலேட்டர், 12 இலக்கம், ஆறு செயல்பாடு, இரண்டு மெமரி வரை அனுமதி. சத்தம் வராததாக இருக்க வேண்டும். தேர்வு நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் கடன் கேட்கவும் கூடாது. புதிதாக வாங்கினால் இரண்டு மாதம் முன்பே வாங்கிக் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

வாடிப்பட்டி மாணவர்: போனை சுவிட்ச் ஆஃப் செய்து பைக்குள் வைத்தால் பரவாயில்லையா?

பரவாயில்லை என்று யார் சொன்னாலும் கேட்காதே. பயன்படுத்தினாயா என்பது கேள்வியே இல்லை, ஹாலில் கையில் இருந்தாலே குற்றம். ஸ்மார்ட் வாட்சும் அப்படித்தான். பையை வெளியே வைக்கச் சொல்வார்கள், ஆனால் தொலைந்தால் சென்டர் பொறுப்பேற்காது. பஸ்ஸில் வருகிற உன்னைப் போன்றவர்களுக்கு இது சிரமம்தான். கூட யாராவது வந்தால் அவரிடம் கொடு, இல்லையென்றால் சில்லறையும் அட்மிட் கார்டும் மட்டும் எடுத்துக்கொண்டு போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. அட்மிட் கார்டின் பின்பக்கத்தில் சூத்திரம், பஸ் நேரம் என்று எதையும் கிறுக்கி வைக்காதே.

மேலூரிலிருந்து ஒரு தகப்பனார்: அம்மா, என் மகனுக்குப் பார்வைக் குறைபாடு. சொல்லி எழுதவைக்க ஆள் தருவார்களா? நேரம் கூடக் கிடைக்குமா?

கிடைக்கும் ஐயா, அது சலுகை இல்லை, அவருடைய உரிமை. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று அரசுச் சான்றிதழ் இருந்தால், பதில் எழுதுபவரையும் கூடுதல் நேரத்தையும் கேட்கலாம். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி மணிக்கு 20 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். ஆனால் தேர்வு நாளில் சென்டரில் போய்க் கேட்டால் கிடைக்காது. சான்றிதழ்களோடு முன்கூட்டியே ஐசிஏஐ தேர்வுப் பிரிவுக்கு விண்ணப்பித்து, அனுமதிக் கடிதத்தைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுதுபவரோடு நான்கைந்து முறையாவது உட்கார்ந்து பழக வேண்டும். பேலன்ஸ் ஷீட்டை வாயால் சொல்லி எழுதவைப்பது தனிப் பயிற்சி, அதைக் கடைசி வாரத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

அண்ணாநகர், ஃபைனல் மாணவி: ஒரு தாளில் 39. மறுமதிப்பீடு கேட்கலாமா?

மறுமதிப்பீடு கிடையாது. ரிசல்ட் வந்து ஒரு மாதத்துக்குள் சரிபார்ப்புக் கேட்கலாம், தாளுக்கு 100 ரூபாய். கூட்டல் சரியா, திருத்தாமல் விட்ட பதில் உண்டா என்று மட்டும் பார்ப்பார்கள். விடைத்தாளின் நகலைத் தாளுக்கு 500 ரூபாய் கட்டி வாங்கலாம். 39க்கு இரண்டையுமே செய்யுங்கள் என்பேன். மார்க் மாறாவிட்டாலும் நகலை வாங்கிப் பாருங்கள். எங்கே நேரம் போனது, எந்தப் பதிலை அரைகுறையாக விட்டோம் என்பது அதில் தெரிந்துவிடும். கேட்டதைவிட அதிகக் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். முதலில் எழுதியவற்றை மட்டும் திருத்திவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள். கடைசியில் எழுதிய நல்ல பதில் அப்படி வீணாகிப் போகும். வேண்டாத பதிலை அங்கேயே அடித்துவிட்டு வர வேண்டும்.

திருப்பரங்குன்றம், பி.காம். மாணவர்: டிகிரியில் 53 சதவீதம். நேரடியாக இன்டர் சேரலாமா?

முடியாது. வணிகவியல் பட்டதாரிக்கு 55, மற்றவர்களுக்கு 60 சதவீதம் வேண்டும். ஃபவுண்டேஷன் எழுதிவிட்டு வாருங்கள்.

அலங்காநல்லூர் மாணவி: விண்ணப்பத்தில் மதுரைக்குப் பதில் வேறு ஊரைச் சென்டராகத் தேர்ந்துவிட்டேன். பணமும் கட்டியாயிற்று.

பயப்படாதே. விண்ணப்பத் தேதி முடிந்ததும் திருத்தத்துக்குச் சில நாள் திறப்பார்கள். ஊர், குரூப், மொழி மூன்றையும் அதில் மாற்றலாம். அந்த நாள்களைத் தவறவிடாதே. அப்புறம் அட்மிட் கார்டு வந்தவுடன் ஊர், குரூப், போட்டோ, கையெழுத்து நான்கையும் அன்றைக்கே பார். தபாலில் எதுவும் வராது, நீயே பதிவிறக்கிப் பிரின்ட் எடுக்க வேண்டும். பெயரில் இனிஷியல் ஆதாரில் முன்னாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பின்னாலும் இருந்தால், இப்போதே மாணவர் போர்ட்டலில் திருத்தத்துக்குக் கொடுத்துவிடு, தேர்வு வாரத்தில் அதோடு அலைய வேண்டாம்.