வீடியோ பார்க்காமல் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் எலக்ட்ரீசியன் மாணவர்கள்

சார், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்கு (மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றும் கருவி) 40 நிமிட வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டும், ஒடுகத்தூர், பேரணாம்பட்டு பக்கத்துப் பையன்கள் பார்க்காமலே ஐடிஐக்கு வருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். பையன்களைச் சொல்லிக் குற்றமில்லை, நீளம்தான் கோளாறு. பவர் சர்க்யூட் (மோட்டாருக்கு மின்சாரம் போகும் வழி), கன்ட்ரோல் சர்க்யூட் (அதை இயக்கி நிறுத்தும் வயரிங்) என இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் 6 நிமிடத்துக்குள் முடியுங்கள். சிக்னல் கிடைக்காதவர்களுக்கு முந்தின நாளே போனில் ஏற்றி அனுப்பிவிடுங்கள்.

பார்த்தாயா என்று மட்டும் கேட்காதீர்கள், 'பார்த்தேன் சார்' என்றுதான் வரும். டெல்டா இணைப்பை நோட்டில் கையால் வரைந்து வரச் சொல்லுங்கள்: யு1-டபிள்யு2, வி1-யு2, டபிள்யு1-வி2 (யு, வி, டபிள்யு என்பவை மோட்டாரின் மூன்று சுருள்கள்; 1, 2 அவற்றின் இரு முனைகள்). யு1-ஐ யு2-வோடு சேர்த்தவன் வீடியோ பார்க்கவில்லை. அப்படி மூன்று சுருளையும் இணைத்தால் இரு முனையிலும் ஒரே ஃபேஸ். மோட்டார் ஸ்டாரில் ஓடி, டெல்டாவுக்கு மாறியதும் நின்றுபோகும்.

இன்டர்லாக்கை (ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும் ஏற்பாடு) மட்டும் வீடியோவை நம்பி விடவே கூடாது, அது நேரில்தான். சப்ளை இல்லாதபோது ஸ்டார் கான்டாக்டரைக் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) கையால் அமுக்கினால், அதன் என்சி முனையில் (சும்மா இருக்கும்போது மூடியிருந்து, அமுக்கினால் திறக்கும் தொடர்பு) மல்டிமீட்டரின் பீப் சத்தம் நிற்க வேண்டும். டெல்டாவிலும் அப்படியே. அந்த என்சி எதிர் கான்டாக்டரை இழுக்கும் மின்காந்தச் சுருளின் (coil) லைனில் இல்லையென்றால், இரண்டும் சேர்ந்து இழுத்து மூன்று ஃபேஸும் ஷார்ட். தியரிக்கு, ஐடிஐ மாணவர்களுக்கான மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் இணையதளத்தில் உள்ள கேள்வி வங்கியே போதும்.