கோடரிக்காரனா, வலைக்காரனா? கிளாடியேட்டர் வீரனை எடைபோடும் விதம்

கேள்வி: பின்னேரத்தில் வாசிகசாலையடியில் நாங்கள் ஐந்தாறு பேர் போனில் கிளாடியேட்டர் கேம் விளையாடுவோம். புள்ளிகளை எல்லாம் பலத்துக்கே போட்டு ஒரு கோடரி வீரனை வளர்த்தேன். நண்பனின் வலைக்காரன் அவனை ஒவ்வொரு முறையும் விழுத்திவிடுகிறான். இருவரின் எண்களையும் அனுப்பியிருக்கிறேன். ஒரு வீரனின் உண்மையான திறனை எப்படிக் கணிப்பது? (முள்ளியவளை வாசகர்)

பதில்: தம்பி, பலம் 60 என்பது அடி பட்டால் எவ்வளவு நோகும் என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்த அடி படுமா, அடுத்த அடி எப்போது வரும் என்பதை அது சொல்லாது. உங்கள் எண்களையே எடுப்போம். கோடரிக்காரனுக்கு 3 செக்கனுக்கு ஒரு வீச்சு, அதில் பாதிதான் படுகிறது. 60இல் பாதி 30, அதை 3 செக்கனால் வகுத்தால் செக்கனுக்கு 10 சேதம். வலைக்காரனின் திரிசூல அடி வெறும் 25தான். ஆனால் செக்கனுக்கு ஒரு குத்து, பத்துக்கு எட்டு படுகிறது. அது 20.

இனி உயிர். கோடரிக்காரனுக்கு 150, கவசம் 20 சதவீதத்தைத் தடுக்கிறது. 150ஐ 0.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 188 வரும். வலைக்காரனுக்குக் கவசமே இல்லை, வெறும் 120. இருந்தும் உங்கள் ஆள் ஒன்பது செக்கனில் விழுகிறான், அவன் பன்னிரண்டு செக்கன் நிற்கிறான். தோல்வி உங்கள் கையில் இல்லை, புள்ளி போட்ட விதத்தில் இருக்கிறது.

எண்ணில் வராத ஒன்றும் உண்டு: யாருக்கு எதிராக யார். ரோமில் வலைக்காரனான ரெட்டியாரியஸுக்குத் தலைக்கவசம் கிடையாது, இடது கையிலும் தோளிலும் மட்டும் காப்பு. கிளித்தட்டில் தட்டுக்குத் தட்டு நழுவுகிறவனைப் போல ஓடி ஓடித்தான் அவன் பிழைத்தான். அவனுக்கு எதிராக இறக்கப்பட்டவன் செக்யூட்டர். வலை சிக்காதபடி வழுவழுப்பான தலைக்கவசம், திரிசூல முனை நுழையாதபடி இரண்டே இரண்டு சின்னக் கண் துளைகள், பெரிய கேடயம். அந்தக் கவசத்துக்குள் மூச்சு முட்டும், அதனால் சண்டை நீண்டால் அவன்தான் முதலில் களைப்பான். நல்ல கேம்களில் இது அப்படியே ஸ்டமினா பட்டையில், அதாவது வீரனிடம் மிச்சமிருக்கும் தெம்பைக் காட்டும் பட்டையில் தெரியும். பட்டை முடிவதற்குள் எதிரியைச் சுவரோரம் நெருக்கிவிட வேண்டும், துரத்திக்கொண்டே இருந்தால் போச்சு.

சில கேம்களில் கூட்டத்தின் ஆதரவும் ஒரு பலம்தான். 2005இல் கெப்கொம் என்ற ஜப்பானிய கேம் நிறுவனம் வெளியிட்ட ‘ஷேடோ ஒஃப் ரோம்’ கேமில் பார்வையாளர்களைக் குஷிப்படுத்தினால் ஆயுதமும் சாப்பாடும் எறிவார்கள். உங்கள் கேமில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள்.

அப்புறம் சிக்னல். வன்னியில் பல இடங்களில் பின்னேரம் ஒன்லைனில் இழுபடும். சரியான கணத்தில் அடியைத் தட்டிவிடுவதை நம்பி வளர்த்த வீரன் அந்த நேரத்தில் பயனில்லை, நீங்கள் தட்டும்போது அடி ஏற்கெனவே விழுந்திருக்கும். கேடயத்தைப் பிடித்தபடியே முன்னேறக்கூடியவன்தான் அதற்குத் தோது.

கோடரிக்காரனை விட மனமில்லை என்றால், அடுத்த புள்ளிகளைப் பலத்தில் போடாதீர்கள். வேகத்துக்கும் குறி தவறாமைக்கும் போடுங்கள். பயிற்சிக் களத்தில் 20 வீச்சு வீசி எத்தனை படுகிறது என்று எண்ணுங்கள். 14 பட்டாலே, வேகம் கூடாமலே செக்கனுக்கு 14 சேதம் ஆகிவிடும். வலைக்காரன் ஒன்பது செக்கனுக்குள் விழுவான், அதுவும் மயிரிழையில்தான்.