டிஷ்வாஷரில் தண்ணீர் வடியவில்லையா? பம்ப்பை மாற்றும் முன் ஒரு வாளியை எடுங்கள்

கேள்வி: டிஷ்வாஷர் வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. இதுவரை தொந்தரவு இல்லை. நான்கு நாட்களாகக் கழுவி முடித்துக் கதவைத் திறந்தால் அடியில் கலங்கல் தண்ணீர் நிற்கிறது, பாத்திரமெல்லாம் பிசுக்கு. பில்டரைக் கழற்றிக் கழுவிப் போட்டேன், அப்படியேதான் இருக்கிறது. மெஷின் ‘உம்’மென்று இரைகிறது, தண்ணீர் மட்டும் போவதில்லை. சர்வீஸுக்குப் போன் செய்தால் “பம்ப் போயிருக்கும், மாற்ற வேண்டும்” என்கிறார்கள். போன வாரம் சிங்க் அடியில் ஒழுகியது என்று பிளம்பர் வந்து டிராப்பை (சிங்க்குக்குக் கீழே வளைந்து போகும் கழிவுநீர்க் குழாய்) புதிதாக மாற்றிவிட்டுப் போனார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? (வாசகி, சென்னை)

இருக்கலாம். உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டதே அந்தக் கடைசி வரிதான். இரண்டரை வருடம் ஒழுங்காக ஓடிய மெஷின், சிங்க் அடியில் கை வைத்த பிறகு தண்ணீரை விடவில்லை என்றால் நான் முதலில் சிங்க் அடியில்தான் தேடுவேன். பம்ப் இரைகிறது என்கிறீர்கள். அப்படியானால் அதற்குக் கரண்ட் போகிறது. மெஷினைப் பார்க்காமல், போனிலேயே பம்ப் போய்விட்டது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

தண்ணீர் வெளியேறும் வழி ரொம்ப எளிமையானது. மெஷினின் அடியில் ஒரு குழி, அதன் மேல் பில்டர். குழிக்குப் பக்கத்தில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு டிரெயின் பம்ப். பாத்திரத்தின் மேல் தண்ணீரைப் பீய்ச்சுகிற பம்ப் வேறு, இது வேறு. இந்தச் சின்ன பம்ப் தண்ணீரை ஹோஸ் வழியாக மேலே தள்ளி, சிங்க் டிராப்பில் கொண்டுபோய் விடுகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் வெளியே தெரிகிற அறிகுறி ஒன்றேதான்: தண்ணீர் நிற்கும். அதனால் அடைப்பு மெஷின் பக்கமா, சிங்க் பக்கமா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வாளி போதும்.

மெஷினுக்குள் நிற்கும் தண்ணீரை இப்போதே மொண்டுவிடாதீர்கள், சோதனைக்கு அது வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அரை மணி நேரம் ஆற விடுங்கள். உள்ளே இருப்பது கொதிக்கக் கொதிக்க இருக்கலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், டிஷ்வாஷர் பவுடர், கையால் தேய்க்கிற சோப்பைவிட அதிகக் காரம் உள்ளது. டிராப்பில் மாட்டியிருக்கும் டிரெயின் ஹோஸின் கிளாம்ப்பைத் தளர்த்தி ஹோஸை உருவுங்கள். கொஞ்சம் அழுக்குத் தண்ணீர் கொட்டும், கீழே ஒரு தட்டும் துணியும் இருக்கட்டும்.

இப்போது வாளியை ஒரு ஸ்டூல் மேல், டிராப் இருக்கிற உயரத்துக்கு வையுங்கள். தரையில் வைத்தால் பம்ப் ஓடாவிட்டாலும் தண்ணீர் தானாக இறங்கி வந்து உங்களை ஏமாற்றிவிடும். தரையையும் கையையும் துடைத்துவிட்டு மெஷினை ஆன் செய்து, ஓட்டத்தை ரத்து செய்யுங்கள். பல மாடல்களில் ஸ்டார்ட் பட்டனை மூன்று நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் ரத்தாகி, சுமார் ஒரு நிமிடம் தண்ணீரை வெளியேற்றும். ஹோஸின் நுனியை வேறு ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ளட்டும்.

தண்ணீர் பீறிட்டு வாளியில் விழுந்தால் உங்கள் பம்ப் நன்றாக இருக்கிறது. பணம் செலவு செய்ய வேண்டாம். டிராப்பில் ஹோஸ் மாட்டுகிற அந்தக் கிளைக் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். புது டிராப்களில் பல, அந்தக் கிளையை மூடியேதான் வரும். டிஷ்வாஷரோ வாஷிங் மெஷினோ இல்லாத வீட்டில் ஒழுகக் கூடாது என்பதற்காக, உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தட்டு ஒன்று இருக்கும். சிலவற்றில் நட்டுக்குள் ஓட்டையில்லாத வாஷர் இருக்கும். அதை வெட்டாமலேயே மேலே ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போட்டுவிட்டால் வெளிப்பார்வைக்கு எல்லாம் சரியாகத் தெரியும், ஆனால் தண்ணீருக்கு வழியே இருக்காது. உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்பது என் கணிப்பு. தட்டை முழு அகலத்துக்கும் வெட்டச் சொல்லுங்கள். நடுவில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டால் இரண்டு நாள் ஓடும், அப்புறம் பருக்கையும் கடுகும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். பிசிறையும் சுரண்டி எடுக்க வேண்டும்.

அங்கே வழி திறந்துதான் இருக்கிறது என்றால், ஹோஸ் போகிற பாதையைப் பாருங்கள். ஒழுகலைப் பார்க்க மெஷினை முன்னே இழுத்துத் திரும்பத் தள்ளியிருந்தால், பின்னால் ஹோஸ் மடிந்து நசுங்கியிருக்கலாம். சிங்க்கிலேயே தண்ணீர் மெதுவாக இறங்குகிறதா? அப்படியானால் அடைப்பு டிராப்புக்கும் அப்பால், பொதுக் குழாயில் இருக்கிறது. நெய்யும் தேங்காய் எண்ணெயும் குழாய்க்குள் உறைந்து படிந்துவிடுவது நம் சமையலறைகளில் சாதாரணம். இன்னொன்று, ஹோஸ் டிராப்புக்குள் நுழையும் முன் சிங்க்கின் அடிப்பாகம் வரை மேலே ஏறி இறங்க வேண்டும். நேராகப் போட்டிருந்தால் சிங்க் தண்ணீர் மெஷினுக்குள் வந்துவிடும். மெஷினை நிறுத்திவிட்டு, சிங்க்கை நிரப்பித் திறந்துவிடுங்கள். மெஷினுக்குள் மட்டம் ஏறினால் அதுதான் காரணம்.

சிலர் ஹோஸை யுடிலிட்டியில் இருக்கும் தரை டிராப்பில் அப்படியே போட்டுவிடுகிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்வதில்லை. நுனி அவ்வளவு தாழ்ந்து இருந்தால், கழுவிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் உறிஞ்சப்பட்டு வெளியே போய்விடலாம். ஹோஸ் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்பது கையேட்டில் சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும்.

சரி, வாளியில் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது, அல்லது வரவே இல்லை. அப்போது அடைப்பு மெஷின் பக்கம். மறுபடி பிளக்கைப் பிடுங்குங்கள். இப்போது தண்ணீரைக் கப்பால் மொண்டு, மீதியை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். பில்டரை எடுத்தால் குழிக்குள், பல மாடல்களில், ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி தெரியும். ஸ்பூனால் நெம்பினால் வரும். அதற்குப் பின்னால்தான் பம்ப்பின் சின்னச் சக்கரம். பார்க்காமல் விரலை விடாதீர்கள், கண்ணாடிச் சில்லு இருக்கலாம். கறிவேப்பிலைக் காம்பு, முருங்கைக்காய்ச் சக்கை, எலுமிச்சை விதை, பல்குத்தும் குச்சி, ஊறுகாய் பாட்டிலில் இருந்து உரிந்து வந்த லேபிள்: பில்டரைச் சரியாகத் திருகிப் பூட்டாத நாளில் இவற்றில் ஏதாவது ஒன்று உள்ளே நழுவிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். எடுத்துவிட்டுச் சக்கரத்தை மெல்லச் சுற்றுங்கள். அது வழுவழுவென்று சுற்றாது, விட்டு விட்டுத்தான் நகரும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படி, அது பழுது இல்லை. இந்தத் துள்ளலைப் பார்த்து பம்ப் இறுகிவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூடியைத் திரும்பப் போடும்போது ‘கிளிக்’ சத்தம் கேட்க வேண்டும். மூடி சரியாக உட்காராவிட்டாலும் தண்ணீர் போகாது.

சக்கரம் சுத்தமாக இருந்தும் வரவில்லை என்றால் ஹோஸை முழுதாகக் கழற்றி, குழாய்த் தண்ணீரை வேகமாக விட்டுக் கழுவ வேண்டும். திரையில் ஏதாவது எழுத்து வந்திருந்தால் குறித்து வையுங்கள். பாஷ், சீமென்ஸ் மாடல்கள் பலவற்றில் இ-24 என்றால் வெளியேறும் ஹோஸில் அடைப்பு, இ-25 என்றால் பம்ப்பில் அடைப்பு. எல்ஜியில் ஓஇ என்று வரும்.

உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும், இதே தொந்தரவு உள்ள மற்றவர்களுக்காகச் சில வார்த்தைகள். பாதியில் கரண்ட் போய் ஓட்டம் முடியாமலே நின்றிருந்தால் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். கையால் தேய்க்கிற லிக்விடை ஊற்றியிருந்தால் நுரை பொங்கும், நுரையைப் பம்ப்பால் தள்ள முடியாது. மெஷின் ஓடாதபோதும் தெளிந்த தண்ணீர் சேர்ந்துகொண்டே வந்தால் உள்ளே வரும் வால்வு கசிகிறது. பம்ப் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால், அடித்தட்டில் தண்ணீர் கசிந்திருக்கலாம். குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பம்ப்பிடமிருந்து சத்தமே இல்லை என்றாலும் அவருடைய வேலைதான், மூடியைக் கழற்றி வயரில் கை வைக்காதீர்கள். பில்டர் குழிக்குள் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் இருக்கும், அதற்காகக் கவலை வேண்டாம். ஆசிட், அடைப்பு நீக்கும் பவுடர் இரண்டையும் மெஷினுக்குள் போடவே கூடாது. ரப்பரையும் ஸ்டீலையும் அரித்துவிடும்.

எல்லாம் பார்த்த பிறகும் மெக்கானிக் பம்ப்பை மாற்றத்தான் வேண்டும் என்றால், வாளியில் என்ன வந்தது, சத்தம் எப்படி இருந்தது என்பதை அவரிடம் முதலில் சொல்லுங்கள். மீட்டர் வைத்துப் பம்ப்பைச் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். மாற்றி முடித்ததும் ஹோஸை வாளியில் விட்டு ஒரு தடவை, டிராப்பில் மாட்டி ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.