எம் அழுத்துகிறது, எல் சுகமாக இருக்கிறது: எந்த ஹெல்மெட்டை எடுப்பது?

கேள்வி: இப்போதுதான் பைக் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். முதல் ஹெல்மெட் வாங்க வேண்டும். தலைச் சுற்றளவு 57 செ.மீ. ஃபுல் ஃபேஸில் எம் சைஸ் போட்டால் இரண்டு கன்னமும் பிதுங்குகிறது. எல் சைஸ் சுகமாக இருக்கிறது. கண்ணாடி வேறு போடுகிறேன். நண்பர் ஒருவர் தன்னுடைய நான்கு வருஷப் பழைய ஹெல்மெட்டைத் தருகிறேன் என்கிறார். எதை எடுக்கட்டும்?

பதில்: கன்னம் மட்டும்தான் அழுத்துகிறது என்றால் எம். நண்பருடையது வேண்டாம்.

அந்த ‘மட்டும்’ முக்கியம். ஹெல்மெட்டுக்குள் இரண்டு விதமான பொருள் இருக்கிறது. விரலால் அழுத்தினால் அமுங்குகிற ஸ்பாஞ்சு பேட் ஒன்று. அதற்குப் பின்னால், வெளி ஓட்டை ஒட்டி, ஏறக்குறைய ஓர் அங்குலக் கனத்தில் கெட்டியான தெர்மாகோல். கன்னத்தில் இருப்பது தடித்த ஸ்பாஞ்சு. சில வாரங்கள் ஓட்டினால் உங்கள் முகத்துக்குத் தக்கபடி இளகிவிடும். நெற்றியில் ஸ்பாஞ்சு மெல்லியது, அதைத் தாண்டினால் உடனே தெர்மாகோல். தெர்மாகோல் இளகாது. அதனால் புது ஹெல்மெட்டில் கன்னம் இறுகலாம், மெல்வது போல வாயை அசைத்தால் கன்னத்தின் உட்பக்கம் பல்லில் படும் அளவுக்குக்கூட இறுகலாம். நெற்றி வலிக்கக் கூடாது.

எம் சின்னது என்று தோன்றுவதற்கு மாட்டும் விதமும் காரணமாக இருக்கும். புதிதாக வாங்குபவர்கள் தொப்பியைப் போல மேலிருந்து நேராக அமுக்குகிறார்கள். ஹெல்மெட்டின் வாய்ப்பகுதிதான் இருப்பதிலேயே குறுகலான இடம். இரண்டு பக்கத்து ஸ்ட்ராப்பையும் பிடித்து வெளிப்பக்கமாக இழுத்து, ஹெல்மெட்டின் வாயை விரித்தபடி நெற்றியிலிருந்து பின்மண்டைக்கு உருட்டி இறக்குங்கள். காது மடங்கி மாட்டிக்கொண்டால் விரலை விட்டு நேராக்கிக்கொள்ளலாம்.

அளவையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். தையல் டேப்பை புருவத்துக்கு இரண்டரை செ.மீ. மேலே வைத்து, காதுகளுக்கு மேலாக, பின்மண்டை அதிகம் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி எடுக்க வேண்டும். மூன்று முறை எடுத்துப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான கம்பெனிகளுக்கு 57, 58 எம்தான். ஆனாலும் அந்தந்தக் கம்பெனியின் அட்டவணையைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

மாட்டியபின் செய்ய வேண்டிய சோதனைகள்: தாடைப் பகுதியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். கன்னத் தோலும் நெற்றித் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து நகர வேண்டும். தோல் நின்ற இடத்திலேயே நின்று ஹெல்மெட் மட்டும் வழுக்கினால் பெரிய சைஸ். நெற்றிக்கும் பேடுக்கும் நடுவில் விரல் நுழையக் கூடாது. அடுத்தது தவறவே கூடாத சோதனை. ஸ்ட்ராப்பை முழுதாகப் பூட்டி (தாடைக்கும் பட்டைக்கும் இடையே இரண்டு விரல் இடம் போதும்) தலையைக் குனியுங்கள். பக்கத்தில் இருப்பவரை ஹெல்மெட்டின் பின் கீழ் விளிம்பைப் பிடித்து மேலும் முன்னுமாக இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால், எவ்வளவு பிடித்த டிசைனாக இருந்தாலும் திருப்பி வைத்துவிடுங்கள். விழும்போது முதல் அடியில் கழன்று, இரண்டாவது அடியை வெறுந்தலை வாங்கும். உங்கள் எல் சைஸ் இதில் தேறுமா என்பது சந்தேகம்தான்.

கடைசியாக, இருபது நிமிஷம் கழற்றாமல் இருங்கள். கடைக்காரர் முறைத்தாலும் பரவாயில்லை. கழற்றிவிட்டுக் கண்ணாடியில் நெற்றியைப் பாருங்கள். பரவலாகச் சிவந்திருந்தால் சரி. நடு நெற்றியில் நாணயம் அளவுக்கு ஒரே இடத்தில் அழுத்தமான தழும்பு இருந்தால் கோளாறு சைஸில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. சிலர் தலை முன்பின்னாக நீண்டிருக்கும், சிலருக்கு உருண்டை, பெரும்பாலானோருக்கு இரண்டுக்கும் நடுவில். நீண்ட தலை உருண்டை ஹெல்மெட்டுக்குள் போனால் நெற்றியும் பின்மண்டையும் இடிக்கும், பக்கவாட்டில் காலியாக இருக்கும். உருண்டைத் தலை நீண்ட ஹெல்மெட்டுக்குள் போனால் நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கும். இதற்கு எல் சைஸுக்குப் போவது தவறான மருந்து. ஒரு பக்கத்து வலியைத் தீர்க்க இன்னொரு பக்கம் இடைவெளியை வளர்ப்பீர்கள். அதே சைஸில் வேறு மாடல், வேறு கம்பெனி பாருங்கள்.

கையில் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, ‘கல்லு மாதிரி இருக்கு’ என்று வாங்குபவர்கள் உண்டு. ஓடு அடியைப் பரப்பிவிடுகிறது, கூரான பொருள் உள்ளே நுழையாமல் தடுக்கிறது, அவ்வளவுதான். மண்டைக்குள் மூளை குலுங்குவதைக் குறைப்பது தெர்மாகோல், அதுவும் தான் நசுங்கித்தான் குறைக்கிறது. நசுங்காத ஹெல்மெட் அந்த அதிர்ச்சியை அப்படியே உங்களிடம் கொடுத்துவிடும்.

ஹெல்மெட்டைச் சோதிப்பவர்களும் இதையேதான் அளக்கிறார்கள். 2021 முதல் நடைமுறையில் இருக்கும் ஈசிஇ 22.06 (ஐரோப்பாவில் பின்பற்றப்படும் ஹெல்மெட் தரம்) சோதனையில் வினாடிக்கு 6, 7.5, 8.2 மீட்டர் என மூன்று வேகங்களில் மோதவிடுகிறார்கள். முந்தைய 22.05-இல் இல்லாத சாய்வான மோதலும் உண்டு, தலை சுழல்வதை அளப்பதற்கு. 7.5 மீட்டர் என்பது மணிக்கு 27 கி.மீ.தான். நூறில் போகிறவனுக்கு இது எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். பைக்கின் வேகம் பெரும்பாலும் சாலையோடு உரசி ஓடித் தீரும். தலை தரையில் மோதும் வேகம் அது விழும் உயரத்தைப் பொறுத்தது. 7.5 மீட்டர் வேகம் வர ஏறக்குறைய 2.9 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும், பைக்கில் உட்கார்ந்தவரின் தலை அவ்வளவு உயரத்தில் இருக்காது. ஆனால் சுவரிலோ எதிரே வரும் வண்டியிலோ நேராக மோதினால் இந்தக் கணக்கு செல்லாது.

ஈசிஇ முத்திரை ஸ்ட்ராப்பில் தைத்த துணிச் சீட்டில் இருக்கும். வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் ஓர் எண்ணும், கீழே 06-இல் தொடங்கும் அனுமதி எண்ணும் காணலாம். கூடவே வரும் எழுத்தைக் கவனியுங்கள். ‘பி’ (P) என்றால் தாடைப் பகுதியும் சோதிக்கப்பட்டது, ‘ஜே’ (J) என்றால் தாடைக்குப் பாதுகாப்பு இல்லாத ஓப்பன் ஃபேஸ், ‘என்பி’ (NP) என்றால் தாடைப் பகுதி இருக்கிறது, ஆனால் காப்பாற்றாது. அமெரிக்காவின் டாட் தரத்துக்குக் கம்பெனியே தன்னைத்தானே சான்றளித்துக்கொள்கிறது, அரசு பிறகு சந்தையிலிருந்து எடுத்துச் சோதிக்கிறது. பின்பக்கம் ஒட்டும் அந்த ஸ்டிக்கரைப் போலியாக அச்சடிப்பது சுலபம். இந்தியத் தரம் ஐஎஸ் 4151. எந்த முத்திரையாக இருந்தாலும் பேடை விலக்கித் தெர்மாகோலைப் பார்த்துவிடுங்கள். விரல் கனம்கூட இல்லாமல் மெல்லியதாக இருந்தால் முத்திரையை நம்ப வேண்டாம். ஃபைபரா, கார்பனா என்பதெல்லாம் எடை, விலை சம்பந்தப்பட்டது. முதல் ஹெல்மெட்டுக்கு அதில் பணத்தைக் கொட்டத் தேவையில்லை.

நண்பரின் ஹெல்மெட் ஏன் வேண்டாம்? ஒருமுறை நசுங்கிய தெர்மாகோல் பழைய நிலைக்கு வராது, ஆனால் வெளி ஓடு கீறலோடு தப்பித்திருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஸ்பாஞ்சும் அவர் தலைக்குப் படிந்திருக்கும். பல கம்பெனிகள் ஐந்து ஆண்டுகளில் மாற்றச் சொல்கின்றன. நான்கு ஏற்கெனவே போய்விட்டது.

கண்ணாடி போடுபவர்கள் அதையும் போட்டுத்தான் சோதிக்க வேண்டும். முதலில் ஹெல்மெட், பிறகு வைசரைத் தூக்கி, கண்ணாடியின் கம்பிகளைப் பேடுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இடையே நேராகச் செருகுங்கள். காதைச் சுற்றி வளையும் கம்பியைவிட நேரான, மெல்லிய கம்பி எளிதில் போகும். சில மாடல்களின் கன்னப் பேடில் இதற்கென்றே பள்ளம் வைத்திருக்கிறார்கள். காதுக்கு மேல் எலும்பில் கம்பி அழுந்தினால் அந்த இருபது நிமிஷத்துக்குள் தெரிந்துவிடும். தாடைப் பகுதியைத் தூக்கும் மாடுலர் வகை கண்ணாடிக்காரர்களுக்கு வசதி, ஓட்டும்போது மூடியே வைத்திருப்பதாக இருந்தால்.

வைசர் தெளிவானதாக இருக்கட்டும். கறுப்பு வைசரோடு பகலில் கிளம்பி இருட்டில் திரும்புவது ஆபத்து. மூச்சுக்காற்று கண்ணாடியிலும் வைசரிலும் படிவதால் பின்லாக் (வைசரின் உட்பக்கம் பொருத்தும், பனி படியாமல் தடுக்கும் தகடு) பொருத்த முடிகிற வைசராகப் பாருங்கள்.

ஒரு மாதம் ஓட்டியபின் தாடையைப் பிடித்து ஆட்டும் சோதனையை மறுபடி செய்யுங்கள். கன்னம் வழுக்க ஆரம்பித்திருந்தால் ஹெல்மெட்டை மாற்ற வேண்டியதில்லை. பல மாடல்களுக்குக் கன்னப் பேட் தனியாக வெவ்வேறு கனங்களில் கிடைக்கிறது. சில மில்லிமீட்டர் தடித்ததை வாங்கிப் பட்டன் போல அழுத்திப் பொருத்தினால் போதும்.