வாசகர் கேள்வி, ஒர்க்ஷாப் பதில்: சிவப்பு ஆயில் விளக்கு

கேள்வி: என்னுடையது 300 சிசி, இரண்டு சிலிண்டர் பைக். நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது. லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது. ஆயில் அளவு சரியாக இருக்கிறது. "சென்சார் போயிடுச்சு, மாத்தினா போதும்" என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: அழுத்தத்தை அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள். அந்த விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. ஆயில் எவ்வளவு அழுத்தத்தில் ஓடுகிறது என்றுதான் சொல்கிறது. நீங்கள் சென்சார் என்பது வெறும் பிரஷர் சுவிட்ச். பெரும்பாலான பைக்குகளில் 0.2 முதல் 0.5 பார், அதாவது 3 முதல் 7 பிஎஸ்ஐ அழுத்தம் வந்ததுமே அது விளக்கை அணைத்துவிடும். டயருக்கே 30 பிஎஸ்ஐ அடிக்கிறோம். ஆகவே விளக்கு அணைந்திருக்கிறது என்பதற்காக நெடுஞ்சாலை வேகத்தில் பேரிங்குக்கு, அதாவது இன்ஜினுக்குள் சுற்றும் தண்டைத் தாங்கும் பாகத்துக்கு, போதுமான ஆயில் கிடைக்கிறது என்று நம்ப முடியாது.

சூடான இன்ஜினில் ஆயில் நீர்த்திருக்கும். ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது, ஆயில் பம்பும் மெதுவாகச் சுற்றும். பேரிங் இடைவெளி கொஞ்சம் கூடியிருந்தாலும் அழுத்தம் முதலில் விழுவது இந்த நிலையில்தான். உங்கள் பைக் காட்டும் அறிகுறி அப்படியே இதுதான். சுவிட்ச் கெட்டிருந்தாலும் இதே மாதிரி மினுக்கலாம் என்பதால்தான் அளக்கச் சொல்கிறோம்.

முதலில் காசு செலவில்லாத சோதனை. இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போடுங்கள். விளக்கு எரிய வேண்டும். சுவிட்சில் இருந்து ஒயரைக் கழற்றினால் அணைய வேண்டும். அணையவில்லையென்றால் ஒயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் எர்த் ஆகிறது. சைலன்சர் பைப் ஓரமாகப் போகும் இடத்தை முதலில் பாருங்கள். ஒயர் சரி, ஆனால் கனெக்டருக்குள் ஆயில் கசிந்திருக்கிறது என்றால் சுவிட்சின் ஆயுள் முடிந்தது. அதை மாற்றத்தான் வேண்டும். ஆனாலும் அளப்பதை விடாதீர்கள்.

இன்ஜின் ஆறியிருக்கும்போது சுவிட்சைக் கழற்றி, அந்தத் துளையில் பிரஷர் கேஜ் பொருத்துங்கள். பல பைக்குகளில் இது 1/8 அங்குல டேப்பர் மரை. உங்கள் மாடலுக்குச் சரியான அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்றும் வரை ஓடவிட்டு, ஐடிலிங்கில் ஒரு ரீடிங், சர்வீஸ் மேனுவல் சொல்லும் ஆர்பிஎம்மில் ஒரு ரீடிங் எடுங்கள். வேகத்தில் சரியாக இருந்து ஐடிலிங்கில் மட்டும் குறைந்தால் ஆயில் மீது சந்தேகப்படலாம். கையேட்டில் 10டபிள்யூ-40 என்று இருக்க 10டபிள்யூ-30 ஊற்றியிருக்கிறார்களா? டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கிறதா? இரண்டில் எது இருந்தாலும் ஆயில், ஃபில்டர் இரண்டையும் மாற்றிவிட்டு மறுபடி அளங்கள்.

இரண்டு ரீடிங்கும் குறைவாக இருந்தால் சம்ப்பை, அதாவது இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியை, திறக்க வேண்டியதுதான். பம்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் வலையில் கேஸ்கெட் பேஸ்ட் துணுக்குகள் ஒட்டியிருக்கலாம். பேஸ்ட்டை அள்ளிப் பூசுவதால் வரும் வினை இது. அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு திறந்தபடியே சிக்கியிருக்கலாம். பழைய ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ மினுமினுக்கும் செதில்கள் இருந்தால் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கின் ஷெல் (மெல்லிய உலோகத் தகடு) உதிர்கிறது. அதற்குப் பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

சுவிட்சைத் திரும்பப் போடும்போது மரையில் சீலன்ட் தடவுங்கள், நுனியில் 3 அல்லது 4 மில்லிமீட்டரை விட்டுவிட்டு. டெஃப்லான் டேப் வேண்டாம். துணுக்கு கிழிந்து ஆயில் வழிக்குள் போகும். முறுக்கு, பல மாடல்களில் 12 முதல் 15 நியூட்டன் மீட்டர்தான். பலத்தைக் காட்டினால் அலுமினிய கேஸ் விரிசல் விடும்.

கேள்வி: ஆயில், ஃபில்டர் மாற்றிய பிறகு ஸ்டார்ட் செய்தால் விளக்கு அணைய மறுக்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டினால் சரியாகிவிடுமா?
- வாசகர், விருதுநகர்

பதில்: ஓட்டாதீர்கள். புது ஃபில்டர் நிரம்ப சில வினாடிகள் ஆகும், அது இயல்பு. ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல் 10 வினாடி பாருங்கள். அணையாவிட்டால் இன்ஜினை நிறுத்துங்கள். காகித ஃபில்டரில் ஒரு பக்கம் மூடியும் ஒரு பக்கம் துளையோடும் இருக்கும் வகைகள் உண்டு. அதைத் திருப்பிப் போட்டால் ஆயில் போகும் வழியே அடைபட்டுவிடும். ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் விடுபட்டாலும், பழைய ஃபில்டரின் ரப்பர் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு இரண்டு ரப்பர் சேர்ந்துவிட்டாலும் இதே தொல்லைதான். எல்லாம் சரி என்றால், கையேடு காட்டும் ஆயில் கேலரி (இன்ஜினுக்குள் ஆயில் ஓடும் வழி) போல்ட்டை ஒரு சுற்று தளர்த்தி ஐடிலிங்கில் விடுங்கள். சில வினாடிக்குள் ஆயில் கசிய வேண்டும். வறண்டே இருந்தால் பம்ப் இழுக்கவில்லை.

கேள்வி: என் 100 சிசி பைக்கில் இந்த விளக்கே இல்லையே, ஏன்?
- வாசகர், அறந்தாங்கி

பதில்: அந்த வகை இன்ஜின்களில் கிராங்க், பால் பேரிங்கிலும் ரோலர் பேரிங்கிலும் சுற்றுகிறது. அவற்றுக்கு ஆயில் வந்து நனைத்தாலே போதும், பெரிய அழுத்தம் வேண்டாம். பெரிய இன்ஜின்களின் ஷெல் பேரிங் அப்படியல்ல. அழுத்தத்தோடு வரும் ஆயில் படலம்தான் உலோகத்தை உலோகம் தொடாமல் காக்கிறது. உங்களுக்கு விளக்கு இல்லாததால் டிப்ஸ்டிக்தான் கதி. வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, 2 அல்லது 3 நிமிடம் கழித்துப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை மரையில் முறுக்காமல் வைத்துப் பார்ப்பதா, முறுக்கிப் பார்ப்பதா என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கிறது.

கேள்வி: சாவி போட்டால் எரிய வேண்டிய ஆயில் விளக்கு எரிவதே இல்லை. தொந்தரவு இல்லை என்று விட்டுவிடலாமா?
- வாசகர், ஆரணி

பதில்: கூடாது. சுவிட்ச் ஒயரைக் கழற்றி இன்ஜின் பாடியில் தொடுங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச் பழுது. எரியாவிட்டால் பல்ப் அல்லது ஒயரிங். இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.