ஈறு பல்லை விட்டு ஏன் விலகுகிறது? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பினாங்கில் பல் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன், ஈறு நோய்தான் என் பக்கம். வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்திருக்கிறேன்.

ஜெலுத்தோங் அக்கா: பல் துலக்கினால் ரத்தம் வருகிறது. கொஞ்ச நாள் அந்த இடத்தைத் தொடாமல் விடலாமா?

வேண்டாம் அக்கா, எல்லாரும் செய்கிற தப்பு இது. ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் மெல்லிய செல் அடுக்கு ஒன்று இருக்கிறது, அந்தச் செல்களின் அடியில் இன்டெக்ரின் என்ற ஏற்பிகள் ரவிக்கை ஊக்கு மாதிரி வரிசையாக நின்று, பல்லின் மேல் படிந்திருக்கும் லாமினின் என்ற புரதத்தில் மாட்டிக்கொள்கின்றன. அழுக்குப் படலம் அங்கேயே கிடந்தால் ஈறு வீங்கும், கிருமிகள் விடும் நொதிகள் இந்தப் பிடிமானத்தையே அரிக்கும். ரத்தம் அந்த வீக்கத்திலிருந்து வருவது. மென்மையான பிரஷ்ஷைச் சாய்வாக ஈறு விளிம்பில் வைத்து மெதுவாகத் துலக்குங்கள், அப்புறம் ஒரு ஸ்கேலிங், அதாவது பல்லில் படிந்த காரையைக் கிளினிக்கில் சுரண்டி எடுப்பது.

செந்தூல் தம்பி: அப்போ இன்டெக்ரின் வெறும் பசைதானா?

இல்லை தம்பி. 1986-இல் இந்தப் பெயரை வைத்ததே, செல்லுக்கு வெளியே உள்ளதையும், செல்லுக்கு உள்ளே எலும்புக்கூடு மாதிரி தாங்கி நிற்கும் புரதச் சட்டகத்தையும் இணைக்கிறது என்பதால்தான். சேதியும் கடத்தும். ஈறு விளிம்பில் ஆல்பா-வி பீட்டா-6 என்று ஒரு வகை இருக்கிறது; அழற்சியை அடக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் தூங்கிக் கிடக்கும்போது அதை எழுப்பிவிடுவது இதன் வேலை. இது இல்லாமல் பிறந்த எலிகளுக்குத் தானாகவே ஈறு நோய் வந்து தாடை எலும்பு கரைந்தது.

பட்டர்வொர்த் சகோதரி: மாமியார் முப்பது வருஷமாக வெற்றிலை பாக்கு போடுகிறார். கன்னம் இறுகிப் போய் வாய் சரியாகத் திறக்கவில்லை.

இதைத் தள்ளிப் போடாதீர்கள். மூன்று விரலைச் செங்குத்தாக அடுக்கி வாயில் வைக்கச் சொல்லுங்கள், நுழையவில்லை என்றால் இந்த வாரமே அழைத்துப் போங்கள். விசித்திரம் என்னவென்றால், ஈறில் குறைந்தால் கெடுதல் என்று மேலே சொன்ன அதே ஆல்பா-வி பீட்டா-6, பாக்கு மெல்லும் வாயில் அளவுக்கு மீறிக் கூடிவிடுகிறது. டிஜிஎஃப்-பீட்டாவும் ஓயாமல் எழும்ப, கன்னத்துக்குள் நார் மண்டி இறுகுகிறது. அதில் சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். "புகையிலை சேர்க்கவில்லை, வெறும் பாக்குதானே" என்பார். பாக்கே தனியாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு வெளியிட்டுவிட்டது. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் நம் இந்தியர்களிடம்தான் அதிகம், இதைச் சொன்னால் கோபப்படுகிற மாமாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் அப்பா: மூன்று வயதுப் பிள்ளைக்குப் பால்பல் ஆடுகிறது, ஈறு சிவந்தே இருக்கிறது.

விழுந்து அடிபடவில்லை என்றால், குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அரிதாக, வெள்ளை அணுக்களின் இன்டெக்ரினில் சிடி18 என்ற பாகம் பிறவியிலேயே குறைந்திருக்கும். கிருமியை எதிர்க்கும் அந்த அணுக்களால் ரத்தக் குழாய்ச் சுவரைப் பற்றிக்கொண்டு வெளியே வந்து ஈறுக்குப் போக முடியாது. தொப்புள்கொடி தாமதமாக விழுந்ததா, புண் வந்தால் சீழ் பிடிக்காமலே ஆறாமல் கிடக்கிறதா, இதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பாயான் பாரு தங்கை: கொலாஜன் பவுடர் குடித்தால் ஈறு பலப்படுமா?

வயிற்றுக்குள் போனதும் மீன் குழம்பில் உள்ள புரதம் மாதிரியே அதுவும் செரித்துவிடும், நேரே ஈறுக்குப் போய் ஒட்டாது. அந்தப் பணத்தில் ஸ்கேலிங் செய்துகொண்டு மீதியில் ஒரு தே தாரேக் குடிங்க.